அசைய மறுத்த டிரெயின் பிளக்: 60 சென்டிமீட்டர் பிரேக்கர் பாரும் ஆறு முனைச் சாக்கெட்டும்

என் காரின் ஆயில் சம்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறுகிப்போயிருந்த டிரெயின் பிளக்கை, அதாவது பழைய ஆயிலை வடிப்பதற்கான துளையை அடைக்கும் போல்ட்டை, கழற்றுவதற்காக இரண்டு கருவிகளை வாங்கினேன். ஒன்று, அரை அங்குலச் சதுர முனையும் 60 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பிரேக்கர் பார், அதாவது இறுகிய போல்ட்டைத் திறப்பதற்கான நீண்ட கைப்பிடி. மற்றொன்று, அந்தச் சதுர முனையில் பொருந்தி, போல்ட் தலையைக் கிண்ணம்போல் மூடிப் பிடிக்கும் ஆறு முனைச் சாக்கெட்டுகள், 13 மில்லிமீட்டர் முதல் 21 மில்லிமீட்டர் வரை அடங்கிய சிறிய பெட்டி. இரண்டுமே குரோம் வனேடியம் எஃகால் செய்யப்பட்டவை. இவற்றைப் பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே வடிவில் செய்து விற்கின்றன. ஆகவே தயாரிப்பாளரின் பெயரைக் காட்டிலும், கருவியின் அமைப்பில் எது உதவியது, எது உதவவில்லை என்பதைச் சொல்வதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

இந்தப் பிளக்கை முதலில் என்னிடம் ஏற்கெனவே இருந்த ராட்செட்டை, அதாவது ஒரு திசையில் மட்டும் பிடித்துச் சுழற்றும் சாக்கெட் கைப்பிடியை, கொண்டு திறக்க முயன்றேன். அதன் கைப்பிடி சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். அதில் மாட்டியிருந்தது பன்னிரண்டு முனைச் சாக்கெட். என் முழுப் பலத்தையும் கொடுத்தபோது பிளக் அசையவில்லை. சாக்கெட் மட்டும் ஒருமுறை மெல்ல வழுக்கியது. அந்த ஒரு வழுக்கலிலேயே போல்ட் தலையின் இரண்டு மூலைகளில் பளபளப்பான சிராய்ப்பு விழுந்துவிட்டது. உடனே வேலையை நிறுத்தினேன். அப்போது நிறுத்தாமல் இன்னொரு முறை முயன்றிருந்தால் இந்த மதிப்புரை மழுங்கிப்போன பிளக்கை எடுப்பது எப்படி என்பதைப் பற்றியதாக மாறியிருக்கும்.

கருவிகளைப் பற்றிச் சொல்வதற்கு முன், பிளக் ஏன் இறுகிப்போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் எந்தக் கருவி பயன்படும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. வண்டியின் அடிப்பகுதியில் இருக்கும் போல்ட் என்பதால் பலரும் துருவைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். ஆனால் டிரெயின் பிளக்கின் மரை முழுவதும் உள்ளே ஆயிலில் நனைந்தே கிடக்கிறது. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே போகாமல் வாஷர் அடைத்துக்கொண்டிருக்கிறது. தலையின் வெளிப்பக்கம் துருப்பிடிக்கலாம். மரை துருப்பிடித்து இறுகுவது அரிது. உண்மையான காரணம் பெரும்பாலும் மிக எளியது: முன்பு மாட்டியவர் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார். என் காரிலும் அதுதான் நடந்திருந்தது. இதற்கு முந்தைய ஆயில் மாற்றத்தை நான் வெளியில் கொடுத்துச் செய்திருந்தேன். அங்கே பழைய வாஷரையே மறுபடியும் போட்டு, ஆயில் கசியாமல் இருப்பதற்காகக் கூடுதலாக இறுக்கிவிட்டார்கள் என்பது பிளக் வெளியே வந்த பிறகு தெளிவாகத் தெரிந்தது.

ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கு விசை எங்கே போகிறது என்பதைப் பொறியியலில் தோராயமாக இப்படிச் சொல்வார்கள்: ஏறத்தாழ பாதி, போல்ட் தலைக்கும் அதன் கீழுள்ள பரப்புக்கும் இடையிலான உராய்வில் செலவாகிறது, சுமார் நாற்பது சதவீதம் மரையின் உராய்வில் போகிறது, மீதமுள்ள பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. டிரெயின் பிளக்கில் மரை ஆயிலில் ஊறியிருப்பதால், கழற்றும்போது நம்மை எதிர்த்து நிற்பது பெரிதும் தலைக்கும் வாஷருக்கும் இடையே நசுங்கிப் பதிந்திருக்கும் அந்த வளையப் பரப்புதான். அந்தப் பிடி ஒருமுறை விட்டுவிட்டால் மீதிச் சுற்றுகள் விரலாலேயே வந்துவிடும். ஆகவே நமக்குத் தேவை, தொடர்ந்து சுழற்றும் கருவி அன்று. கால் சுற்றுக்கும் குறைவான தூரத்துக்கு, போல்ட் தலையைக் கெடுக்காமல், ஒரு பெரிய விசையைக் கொடுக்கும் கருவி.

சாக்கெட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டில் முக்கியமானது அதுவே என்பது என் உறுதியான கருத்து. பாரின் நீளம் எல்லோருடைய கண்ணையும் கவர்கிறது. ஆனால் அளவாகப் பொருந்தாத சாக்கெட்டில் நீண்ட பாரை மாட்டினால், பிளக்கின் தலையை இன்னும் வேகமாக மழுக்குவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. பன்னிரண்டு முனைச் சாக்கெட்டில் உட்புற வெட்டுகள் அதிகம் என்பதால் எந்தக் கோணத்திலும் எளிதில் மாட்டலாம். இடுக்கான இடங்களில் அது ஒரு வசதிதான். ஆனால் அது போல்ட் தலையை மூலைகளுக்கு மிக அருகிலேயே பிடிக்கிறது. ஆறு முனைச் சாக்கெட் தலையின் ஆறு பக்கங்களிலும், மூலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, அகன்ற பரப்பில் அழுத்துகிறது. நான் வாங்கிய சாக்கெட்டின் உட்சுவரில் மூலைகள் இலேசாக வளைத்துக் குழிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் போல்ட்டின் மூலை எதையும் தொடுவதே இல்லை, முழு விசையும் தட்டையான பக்கத்திலேயே விழுகிறது. ஏற்கெனவே இரண்டு மூலைகள் சிராய்ந்திருந்த என் பிளக்கில் இந்தச் சாக்கெட் சிறிதும் ஆடாமல் உட்கார்ந்ததற்கு இந்த வடிவமே காரணம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டிரெயின் பிளக்குகளில் 13, 14, 17, 19 மில்லிமீட்டர் தலைகள் அதிகம் காணப்படுகின்றன, என்னுடையது 17. அங்குல அளவுச் சாக்கெட்டுகள் கலந்து கிடக்கும் பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவது ஆபத்தானது. 11/16 அங்குலம் என்பது 17.46 மில்லிமீட்டர், அது 17 மில்லிமீட்டர் தலையில் மாட்டிக்கொள்ளும், சுழற்றவும் செய்யும், ஆனால் அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி இறுகிய பிளக்கின் மூலைகளைத் தின்றுவிடும். 3/4 அங்குலம் மட்டும் 19.05 மில்லிமீட்டர் என்பதால் 19-க்கு ஏறத்தாழச் சரியாகவே பொருந்துகிறது. இந்தப் பெட்டியில் எல்லாச் சாக்கெட்டுகளும் மில்லிமீட்டர் அளவிலேயே இருப்பதும், அளவு எண்கள் அச்சிடப்படாமல் ஆழமாகச் செதுக்கப்பட்டிருப்பதும் எனக்குப் பிடித்திருந்தன. வண்டிக்கு அடியில், ஆயில் படிந்த விரலோடு, குறைந்த வெளிச்சத்தில் எண்ணைப் படிக்க முடிவது சிறிய வசதி அல்ல.

இதே சாக்கெட்டில் ஒரு குறையும் உண்டு. சாக்கெட்டின் வாய் விளிம்பு உட்புறமாகச் சரித்துச் சீவப்பட்டிருக்கிறது. போல்ட்டில் எளிதாக நுழைவதற்காகச் செய்யப்படும் சரிவு அது. பெரும்பாலான சாக்கெட்டுகளில் உண்டு. ஆனால் டிரெயின் பிளக்குகளில் பல, உயரம் குறைந்த மெல்லிய தலை கொண்டவை. தலையே எட்டு மில்லிமீட்டர் உயரம் இருக்கையில், சாக்கெட்டின் முதல் இரண்டு மில்லிமீட்டர் சரிவாக இருந்தால் உண்மையான பிடிப்பு கால் பங்கு குறைந்துவிடுகிறது. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதற்காகவே ஒரு சாக்கெட்டின் வாயைக் கிரைண்டரில் தட்டையாகத் தேய்த்துத் தனியாக வைத்திருப்பார்கள். என் பிளக்கின் தலை உயரமாக இருந்ததால் அது தேவைப்படவில்லை. மெல்லிய தலை உள்ளவர்கள் இந்தச் சாக்கெட்டை வாங்கினால் அப்படித் தேய்த்துக்கொள்வது நல்லது. அல்லது நல்ல தரமான ஆறு முனை ரிங் ஸ்பேனரைத் தேடலாம், ஏனென்றால் அதன் வளையத்தில் சரிவு மிகக் குறைவாகவே இருக்கும்.

பெட்டியில் உயரமான சாக்கெட்டுகளும் குட்டையான சாக்கெட்டுகளும் கலந்து இருந்தன. இந்த வேலைக்குக் குட்டையானதையே எடுக்க வேண்டும். சாக்கெட் உயரமாக ஆக, பாரை இழுக்கும் விசை சாக்கெட்டைச் சாய்க்கவும் முயல்கிறது. சாய்ந்த சாக்கெட் வழுக்கும். இதே காரணத்தால் இடையில் எக்ஸ்டென்ஷன் கம்பி போடுவதையும் கூடுமானவரை தவிர்க்க வேண்டும்.

இனி பிரேக்கர் பார். இதில் இயந்திர அமைப்பு என்று சொல்ல எதுவும் இல்லை: ஒரு நீண்ட எஃகுத் தண்டு, நுனியில் ஓர் ஊசியில் மடங்கும் சதுர முனை, அவ்வளவே. ராட்செட்டுக்குள் சின்னஞ்சிறு பற்களும் அவற்றைத் தடுக்கும் ஒரு நாக்கும் இருக்கின்றன. அளவுக்கு மீறிய விசையில் முதலில் உடைவது அவைதான், உடையும் கணத்தில் கை நேராகப் போய் எதிலாவது மோதும். பிரேக்கர் பாரில் உடைவதற்கு அப்படி எதுவும் இல்லை. ராட்செட்டின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டுவது பரவலான வழக்கம். குழாய் கிடைக்கும் என்பதற்காக அதைச் செய்ய வேண்டாம் என்றே நான் சொல்வேன். நீளம் கூடும்போது பற்களின் மேல் விழும் சுமையும் அதே விகிதத்தில் கூடுகிறது.

நீளத்தின் கணக்கை எண்களில் பார்த்தால்தான் இந்தக் கருவியின் மதிப்பு புரியும். படுத்த நிலையில் ஒருவர் ஒரு கையால் நிதானமாகக் கொடுக்கக்கூடிய விசையை 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். கையின் நடுப்பகுதி 20 சென்டிமீட்டர் ராட்செட்டில் போல்ட்டிலிருந்து 17 அல்லது 18 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். கிடைக்கும் முறுக்கு விசை சுமார் 35 நியூட்டன் மீட்டர். 60 சென்டிமீட்டர் பாரில் கை 55 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். அதே கை, அதே விசை, ஆனால் கிடைப்பது 110 நியூட்டன் மீட்டர். என் காரின் கையேடு இந்தப் பிளக்கை 39 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்கிறது. அப்படியானால் என் பழைய ராட்செட்டின் நிதானமான இழுப்பு, சரியாக இறுக்கப்பட்ட பிளக்கைத் திறப்பதற்கே விளிம்பில் நிற்கும் அளவுதான். இருமடங்கு இறுக்கப்பட்ட பிளக்கின் முன் அதனால் எதுவும் ஆகாது.

ஆனால் நீளத்தின் உண்மையான பயன் விசை அன்று, கட்டுப்பாடு என்பது பயன்படுத்திய பிறகே எனக்குப் புரிந்தது. குட்டைக் கைப்பிடியில் உடலின் முழுப் பலத்தையும் திரட்டி வெடுக்கென்று இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த வெடுக்கில்தான் சாக்கெட் வழுக்குகிறது, பிளக் திடீரென விடும்போது விரல் மூட்டுகள் என்ஜினுக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டத்தில் போய் மோதுகின்றன. நீண்ட பாரில் விசையைச் சிறிது சிறிதாக ஏற்றலாம், ஏற்றிய இடத்தில் நிறுத்திப் பிடிக்கலாம், சாக்கெட் நேராக இருக்கிறதா என்று மற்றொரு கையால் தொட்டுப் பார்க்கலாம். என் இடது கை பெரும்பாலான நேரம் சாக்கெட்டின் அடியைப் பிளக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தது. ராட்செட்டோடு போராடியபோது அதற்கு வாய்ப்பே இருக்கவில்லை.

வேலை நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கருவி நன்மை செய்வதும் தீங்கு செய்வதும் பயன்படுத்தும் முறையில்தான் இருக்கிறது. காரின் முன் சக்கரங்களைச் சாய்தளங்களின் மேல் ஏற்றி, கைப்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் போகக் கூடாது. ஸ்டாண்டுகளைப் பயன்படுத்துபவர்கள் சமமான, கடினமான தரையில் நிறுத்தி, உள்ளே போவதற்கு முன் காரை ஒருமுறை நன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட பாரால் பக்கவாட்டில் இழுக்கும்போது அந்த விசை காரையும் சேர்த்தே தள்ளுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்த வேலைக்குச் சாய்தளமே மேல் என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

என் காரில் பிளக் சம்பின் பின்புறத்தில், காரின் பின் பக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. திறக்கும் திசை, பிளக்கின் தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. இது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் முன்புறத்திலிருந்து தலையை நுழைத்துக் கையை மட்டும் பின்னால் கொண்டுபோய்ப் பிடிப்பவருக்கு அதே திசை தலைகீழாகத் தெரியும். இறுகிய பிளக்கை இன்னும் இறுக்கி அலுமினியச் சம்பின் மரையைக் கெடுப்பவர்களில் பலர் இப்படித்தான் கெடுக்கிறார்கள். பார் கையில் இருக்கும்போது இந்தத் தவறின் விலை பல மடங்கு. இழுப்பதற்கு முன் சாக்கெட்டின் பின்புறத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்வது என் வழக்கம். கியர்பாக்ஸின் பிளக்கை என்ஜினுடையது என்று நினைத்துத் திறந்துவிடுவதும் நடக்கக்கூடியதே. கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கருவியை மாட்ட வேண்டும்.

பாரைப் பிளக்கின் இடப்புறமாக, தரைக்குக் கிடையாக நீட்டி மாட்டினேன். அப்படி மாட்டினால் திறக்கும் திசை கீழ்நோக்கி அமைகிறது: பாரின் நுனியைத் தரையை நோக்கி அழுத்தினால் போதும். வலப்புறமாக மாட்டியிருந்தால் மேல்நோக்கித் தூக்க வேண்டியிருந்திருக்கும். அது கைக்கும் கடினம், காரையும் மேலே தள்ளும். மேலும், 60 சென்டிமீட்டர் நீளத்தால் பாரின் நுனி காரின் பக்கவாட்டு விளிம்புக்கு அருகிலேயே வந்துவிட்டது. ஆகவே பெரும் விசையைக் கொடுத்த அந்த நேரத்தில் என் தலையும் மார்பும் காருக்கு அடியில் இருக்கவில்லை. விற்பனைக் குறிப்பில் எங்கும் எழுதப்படாத இந்த நன்மையையே நான் இந்தப் பாரின் மிகச் சிறந்த குணமாகக் கருதுகிறேன்.

மடங்கும் முனையை முழுச் செங்கோணத்தில் வைத்து, சாக்கெட்டை உள்ளங்கையால் தட்டி அடிவரை உட்கார வைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்தபடி பாரை மெல்ல மெல்ல அழுத்தினேன். முதலில் பார் வில்லைப் போல இலேசாக வளைந்தது. அப்படி வளைவது நல்ல எஃகின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. விசையை ஏற்றிப் பிடித்தபடி பத்து விநாடிகள் காத்திருந்தும் அசையவில்லை. விசையைத் தளர்த்தாமல், சாக்கெட்டுக்கு அருகில் பாரின் மேல் ஒரு சிறிய சுத்தியலால் இரண்டு முறை தட்டினேன். இரண்டாவது தட்டலில் 'டக்' என்று ஓர் ஓசை. பாரின் நுனி நான்கு விரற்கடை கீழே இறங்கியது.

அந்த ஓசையைக் கேட்டதும் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து மனம் ஒரு கணம் துணுக்குறும். ஓசைக்குப் பிறகு கை என்ன உணர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே அடியில் பிடி விட்டு, அதன்பின் சுற்று இலேசாகிவிட்டால் பிளக் நல்லபடியாகத் திறந்துகொண்டது என்று பொருள். ஓசையே இல்லாமல், ரப்பரைத் திருகுவது போல மெத்தென்று இடம் கொடுத்துக்கொண்டே, ஆனால் சிறிதும் இலேசாகாமல் சுற்றினால், போல்ட் முறுகுகிறது அல்லது மரை கழிகிறது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குட்டைக் கைப்பிடியில் இந்த வேறுபாட்டைக் கையால் உணர்வது கடினம்.

வெளியே வந்த பிளக்கில் வாஷர் இல்லை. அது சம்பின் முகத்தோடு தகடுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கினால் மீண்டும் நசுங்காது. அதையே திரும்பப் போடுபவர் கசிவை நிறுத்த மேலும் இறுக்க வேண்டியதாகிறது, அடுத்து வருபவருக்குப் பிளக் திறப்பதில்லை. ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது வாஷரைப் போட்டாலும் கசியும். சம்பின் முகம் கீறிவிடாதபடி மரச்சீவலால் மெதுவாகக் கிளப்பி எடுத்தேன்.

இந்த வேலைக்குப் பலரும் பரிந்துரைக்கும் வேறு சில பொருள்களையும் இதையொட்டி வாங்கிப் பார்த்தேன். அவற்றைப் பற்றிச் சுருக்கமாக.

துருவை இளக்கும் ஸ்பிரேயை முந்தைய நாள் இரவே பிளக்கைச் சுற்றி அடித்து வைத்திருந்தேன். வாஷர் அடைத்திருக்கும் வரை அது மரைக்குள் போக வழியே இல்லை. கழற்றிய பிறகு பார்த்தபோது தலையின் வெளி விளிம்பில் மட்டுமே அதன் ஈரம் இருந்தது. எக்ஸாஸ்ட் போல்ட்டுகளுக்கு அது மிக நல்ல பொருள், இங்கே அதற்கு அதிக வேலை இல்லை. எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 அடிப்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்தப் பெயரே தண்ணீரை விலக்கும் திரவத்தின் நாற்பதாவது முயற்சி என்பதைக் குறிப்பதுதான், 1953-இல் அது உருவானது ஈரத்தை அகற்றித் துருவைத் தடுப்பதற்காக.

என்ஜினைச் சூடாக்கினால் பிளக் எளிதாக வரும் என்பதும் அடிக்கடி கேட்கும் அறிவுரை. அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடைகிறது என்பது உண்மை. ஆனால் 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளக்கில் 40 டிகிரி வெப்ப உயர்வுக்குக் கிடைக்கும் வேறுபாடு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஆறு பங்குதான். சம்பு எஃகாக இருந்தால் அதுவும் இல்லை. ஆயில் நன்றாக வடிவதற்காகச் சில நிமிடங்கள் ஓட்டி வெதுவெதுப்பாக்கினால் போதும். நெடுந்தூரம் ஓடி நின்ற என்ஜினின் ஆயில் 90 டிகிரிக்கும் மேல் இருக்கக்கூடும். இறுகிய பிளக்கோடு போராடும் கையின் மேல் அது கொட்டுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

மழுங்கிய தலையை எடுக்கும் சுருள் பல் சாக்கெட்டுகளையும் தனியே வாங்கினேன். காரில் தேவைப்படவில்லை என்பதால், பழைய போல்ட் ஒன்றை வைஸில் பிடித்து, அரத்தால் மூலைகளைத் தேய்த்து மழுக்கிவிட்டுச் சோதித்தேன். சுத்தியலால் அடித்து ஏற்றியதும் அதன் உட்புறச் சுருள் பற்கள் தலையில் பதிந்து, எதிர்த்திசையில் சுற்றச் சுற்ற ஆழமாகக் கடித்துக்கொண்டன. நம்பிக்கையான கருவி. அதைப் பயன்படுத்திய பிறகு பிளக் மறுபடி உதவாது; புதுப் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். அடி அடியாகத் தட்டிச் சுழற்றும், காற்றில் இயங்கும் இம்பாக்ட் கருவியை அலுமினியச் சம்பின் பிளக்கில் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கழற்றும்போதாவது பொறுத்துக்கொள்ளலாம், மாட்டும்போது அதைத் தொடவே கூடாது.

மறுபடி மாட்டும்போது புதிய வாஷர் போட்டு, பிளக்கை முதலில் விரலாலேயே முழுவதும் சுற்றி, பிறகு முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை 39 நியூட்டன் மீட்டரில் வைத்து இறுக்கினேன். டார்க் ரெஞ்ச் இருக்கிறதே என்று அதையே பிரேக்கர் பாராகப் பயன்படுத்தி இறுகிய பிளக்கைக் கழற்றக் கூடாது. அதன் அளவுத் துல்லியம் கெட்டுவிடும். பிரேக்கர் பாரால் இறுக்குவதும் அதே அளவுக்குத் தவறு, ஏனென்றால் இந்த நீளத்தில் எட்டுக் கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்திலேயே 39-ஐத் தாண்டிவிடலாம்.

பாரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மடங்கும் முனையின் ஊசி புதிதாக இருந்தபோதே சற்றுத் தளர்வாக இருந்தது. கையை எடுத்தால் முனை தானே சாய்ந்துவிடுகிறது. மல்லாந்து படுத்தபடி ஒரு கையால் சாக்கெட்டைப் பொருத்தும்போது இது பெரிய தொல்லை. ஊசியின் தலையில் திருகாணி இருக்கும் வகைகளில் இதை இறுக்கிக்கொள்ளலாம்; நான் வாங்கியதில் ஊசி அடித்துப் பொருத்தப்பட்டது, இறுக்க வழியில்லை. கைப்பிடியில் வெட்டியுள்ள குறுக்குக் கோடுகள் ஆயில் பட்ட கையுறையில் போதுமான பிடிப்பைத் தரவில்லை. கடைசிப் பத்து சென்டிமீட்டருக்குத் துணி நாடா சுற்றிக்கொண்டேன். அரை அங்குல முனை இந்த வேலைக்குச் சரியான தடிமன்தான். முக்கால் அங்குல முனையுள்ள பார்கள் லாரி சக்கரத்துக்கு உரியவை. கார் பிளக்கில் அவற்றின் எடையே கையைக் களைப்பாக்கிவிடும்.

நீளத்தைப் பற்றி எனக்கு ஒரு மறு எண்ணம் உண்டு. பிளக் பின்புறத்தைப் பார்க்கும் என் காரில் 60 சென்டிமீட்டர் மிகப் பொருத்தமாக அமைந்தது. ஆனால் நேர் கீழ்நோக்கிய பிளக் உள்ள உறவினர் ஒருவரின் காரில் இதையே மாட்டியபோது, பார் கிடைமட்டத்தில் வட்டமடிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் குறுக்குச் சட்டமும் மறுபக்கம் எக்ஸாஸ்ட் குழாயும் தடுத்தன. சாக்கெட்டைப் பலமுறை மாற்றி மாற்றி மாட்டித்தான் இடம் கண்டுபிடித்தோம். கீழ்நோக்கிய பிளக் உள்ளவர்களுக்கு 45 சென்டிமீட்டர் பார் பொருந்தும். அதே 200 நியூட்டனுக்கு அதில் சுமார் 80 நியூட்டன் மீட்டர் கிடைக்கும், பெரும்பாலான பிளக்குகளுக்கு அது போதும். வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒரு முழக்கோலை நீட்டி, பிளக்கைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள்.

சாக்கெட்டுகளைப் பொறுத்தவரை எந்தத் தயக்கமும் இல்லை. மறுபடி வாங்க நேர்ந்தால் இதே பெட்டியையே வாங்குவேன். பார், திருகாணியால் இறுக்கக்கூடிய முனையுடன் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்து அதையே எடுப்பேன். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது, 39 நியூட்டன் மீட்டரில் இறுக்கியிருந்த அதே பிளக்கில் அதே ஆறு முனைச் சாக்கெட்டைப் பழைய 20 சென்டிமீட்டர் ராட்செட்டில் பொருத்தி இழுத்துப் பார்த்தேன். சற்று ஊன்றி இழுத்ததும் திறந்துகொண்டது. இம்முறை வாஷரும் பிளக்கோடு சேர்ந்தே வந்தது.